"குழந்தை நல்லா இருக்குல்ல, அப்புறம் என்ன?": பிள்ளை பெற்றவர்களின் மனக்காயமும் மனநலமும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கடலூர், புதுச்சேரிப் பக்கத்தில் பிள்ளை பெற்று வீட்டுக்கு வந்த பெண்களும், கணவர், அம்மா, மாமியார் என்று அவர்களோடு இருப்பவர்களும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கிற கேள்விகள் இவை. நான் மனநல ஆலோசகர். பேச்சுவழிச் சிகிச்சை என் வேலை. மருந்து எழுதுவது மனநல மருத்துவரின் வேலை. சம்பவங்கள் வரும் இடங்களில் யாரையும் அடையாளம் காண முடியாதபடி விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

இப்போதே உதவி தேவைப்படுகிறவர்கள் முழுவதும் படித்துக்கொண்டிருக்க வேண்டாம். செத்துப்போகலாம் என்ற எண்ணம் வருகிறதா? பிள்ளை பெற்றவள் ராத்திரி பகல் தூங்காமல் சம்பந்தமில்லாமல் பேச ஆரம்பித்திருக்கிறாளா? அவளைத் தனியாக விடாதீர்கள். 108-ஐக் கூப்பிடுங்கள், அல்லது பக்கத்து அரசு மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்கு அழைத்துப் போங்கள். பேச ஒரு ஆள் வேண்டும் என்றால் அரசின் மனநல உதவித் தொலைபேசியான டெலி மானஸ் எண் 14416. எந்நேரமும் எடுப்பார்கள், தமிழில் பேசலாம், காசு கிடையாது.

பிரசவமான மூன்றாம் நாளிலிருந்து காரணமே இல்லாமல் அழுகை வருகிறது. இது நோயா?

இல்லை. பெற்றவர்களில் பாதிப் பேருக்கு மேல் இது வரும். நஞ்சுக்கொடி விழுந்ததும் ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்டிரான் ஹார்மோன்கள் ஓரிரு நாளில் மளமளவென்று இறங்கிவிடும். பால் கட்டுவதும் அந்த நாட்களில்தான், தூக்கம் போவதும் அப்போதுதான். பேசிக்கொண்டே இருப்பாள், கண்ணில் தண்ணீர் வழியும். ஏன் என்று கேட்டால் அவளுக்கே தெரியாது. வேளைக்குச் சாப்பாடும் கொஞ்சம் தூக்கமும் கிடைத்து, சுற்றியிருப்பவர்கள் கடிந்து பேசாமல் இருந்தால் இரண்டு வாரத்துக்குள் தானாக அடங்கிவிடும்.

இரண்டு வாரம் தாண்டியும் அப்படியே இருக்கிறேன். சொல்லப்போனால் இன்னும் மோசமாக இருக்கிறது.

அப்படியென்றால் பிரசவத்துக்குப் பிறகு வரும் மனச்சோர்வாக இருக்கலாம். இதைத் தானாகப் போய்விடும் என்று விட்டுவிடக் கூடாது. இந்தியாவில் நடந்த பல ஆய்வுகளைத் தொகுத்து 2017-இல் உலக சுகாதார நிறுவனத்தின் இதழ் வெளியிட்ட கட்டுரை, ஏறக்குறைய 22 சதவீதத் தாய்மார்களுக்கு இது வருகிறது என்று சொன்னது. தடுப்பூசி போட வரிசையில் நிற்கும் ஐந்து அம்மாக்களில் ஒருத்திக்கு இருக்கலாம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

நான் முதலில் கேட்கிற கேள்வி ஒன்றுதான்: "குழந்தை தூங்கும்போது உங்களுக்குத் தூக்கம் வருதா?" உடம்பு அசந்துபோயிருந்தும், குழந்தை தூங்கியும், பக்கத்தில் பார்த்துக்கொள்ள ஆள் இருந்தும் தூக்கம் வராமல் விட்டத்தைப் பார்த்துக்கொண்டு கிடக்கிறீர்கள் என்றால் அது சாதாரணக் களைப்பு இல்லை. "நான் நல்ல அம்மா இல்லை" என்ற நினைப்பு, சாப்பாட்டில் வெறுப்பு, குழந்தையைத் தூக்கினாலும் ஒன்றுமே தோன்றாமல் இருப்பது, எதற்கெடுத்தாலும் எரிந்து விழுவது எல்லாம் இதில் வரும்.

எடின்பரோ அளவுகோல் என்று 10 கேள்விகள் கொண்ட ஒரு தாள் இருக்கிறது. 1987-இல் உருவானது, தமிழிலும் உண்டு. கடந்த 7 நாட்கள் எப்படி இருந்தீர்கள் என்று கேட்கும். நோய் இருக்கிறதா என்று அது தீர்ப்புச் சொல்லாது. மருத்துவரைப் பார்க்க வேண்டுமா என்பதைக் காட்டும். கடைசிக் கேள்வி உங்களை நீங்களே காயப்படுத்திக்கொள்ளும் எண்ணம் பற்றியது. அதற்கு "எப்போதாவது" என்று பதில் வந்தால்கூட, மொத்த மதிப்பெண் எவ்வளவு குறைவாக இருந்தாலும் அன்றைக்கே யாரிடமாவது சொல்லிவிட வேண்டும்.

அப்புறம், ரத்தத்தில் ஹீமோகுளோபினும் தைராய்டும் பார்த்துவிடுங்கள். பிரசவத்துக்குப் பிறகு தைராய்டு கோளாறு வருவது அபூர்வம் இல்லை. சோகை நம் ஊரில் நிறைய. இரண்டுமே மனச்சோர்வு மாதிரியே காட்டும்.

எல்லாரும்தான் பிள்ளை பெறுகிறார்கள். அது எப்படி மனக்காயம் ஆகும்?

ஒரு பெண்ணைப் பற்றிச் சொல்கிறேன். குழந்தைக்குத் துடிப்பு குறைகிறது என்று அவசரமாக அறுவைச் சிகிச்சைக்குக் கொண்டுபோனார்கள். முதுகில் போட்ட ஊசி முழுவதும் பிடிக்கவில்லை. வலிக்கிறது என்று அவள் சொன்னது அந்தப் பரபரப்பில் யார் காதிலும் விழவில்லை. குழந்தை நன்றாகப் பிறந்தது, எடையும் நல்ல எடை. வீட்டுக்கு வந்ததிலிருந்து அவள் அறையில் ட்யூப்லைட் போட விடமாட்டாள். "கண்ணு கூசுதும்மா" என்பாள். அம்மாவும் கண்ணில்தான் கோளாறு என்று நினைத்துக் கண் மருத்துவரிடம் காட்டினார். கண்ணில் ஒன்றும் இல்லை. பல வாரம் கழித்து என்னிடம் சொன்னாள்: "படுக்க வச்சப்ப தலைக்கு மேல இருந்த வெளிச்சத்த மட்டும்தான் பார்த்துக்கிட்டு இருந்தேன். செத்துட்டேன்னே நெனச்சேன்." வீட்டில் ட்யூப்லைட் மினுக்கி எரிகிற அந்த நொடியில் அவள் திரும்பவும் அந்த மேசையில் படுத்திருந்தாள். கை கால் சில்லிட்டுப்போகும், வயிற்றுத் தையல் இழுக்கும்.

மனக்காயம் என்று சொல்வது இதைத்தான். நடந்தது எவ்வளவு பெரியது என்று மருத்துவக் குறிப்பேடு சொல்லாது. "செத்துவிடுவேன்", "குழந்தை போய்விடும்", "நான் சொல்வதை யாரும் கேட்கவில்லை" என்று அந்த நேரத்தில் அவளுக்குத் தோன்றியதா என்பதுதான் கணக்கு. சுகப்பிரசவம் என்று எழுதப்பட்ட பிரசவத்திலும் இது நேரும்.

அடையாளங்கள் இவை. கேட்காமலே அந்தக் காட்சி கண்முன் வந்து நிற்கும், அல்லது கனவாக வரும். அந்த மருத்துவமனை இருக்கும் தெரு, டெட்டால் வாசனை, அன்றைக்குக் கட்டியிருந்த நைட்டி என்று அதை நினைவூட்டுகிற எதையும் பார்க்கப் பிடிக்காது. கடலூரிலிருந்து பஸ்ஸில் வரும்போது மருத்துவமனை வாசல் வந்தால் தலையைக் குனிந்துகொள்வாள், தடுப்பூசித் தேதியைத் தள்ளிப்போடுவாள். "என் உடம்பு சரியில்லாத உடம்பு", "என்னால்தான் இப்படி ஆனது" என்ற நினைப்பு ஒட்டிக்கொள்ளும். உடம்பு எப்போதும் விறைப்பாக இருக்கும்; குழந்தை மூச்சு விடுகிறதா என்று ராத்திரி முழுக்க மூக்கில் விரல் வைத்துப் பார்ப்பாள். இவை ஒரு மாதத்துக்கு மேல் நீடித்து அன்றாட வாழ்க்கையைக் கெடுத்தால் மருத்துவர்கள் பி.டி.எஸ்.டி. என்பார்கள். பல நாட்டு ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்ததில் பொதுவாகப் பெற்றவர்களில் சுமார் 4 சதவீதம் பேருக்கும், குறைமாதப் பிரசவம், கடும் ரத்தப்போக்கு போன்ற ஆபத்துகளைக் கடந்தவர்களில் 18 சதவீதத்துக்கு மேலானவர்களுக்கும் இது இருந்தது.

இந்தப் பெண்கள் யாரிடமாவது வாயைத் திறந்தால் முதலில் வரும் பதில், "குழந்தை நல்லா இருக்குல்ல, அப்புறம் என்ன?" சொல்பவர்கள் ஆறுதலாகத்தான் சொல்கிறார்கள். ஆனால் அதோடு அவள் வாயை மூடிக்கொள்கிறாள். குழந்தை நன்றாக இருப்பது ஒரு விஷயம், அவள் காயப்பட்டிருப்பது இன்னொரு விஷயம். இரண்டும் ஒரே வீட்டில் ஒரே நேரத்தில் உண்மையாக இருக்கலாம்.

பிரசவ அறையில் திட்டினார்கள், தொடையில் அடித்தார்கள். சொன்னால் "எல்லா இடத்துலயும் அப்படித்தான்" என்கிறார்கள்.

எத்தனை இடத்தில் நடந்தாலும் அது தவறுதான். மத்திய அரசு 2017-இல் தொடங்கிய லக்ஷ்யா திட்டம், அரசு மருத்துவமனைப் பிரசவ அறைகளில் தாயை மரியாதையாக நடத்துவதையும், அவள் விரும்பும் பெண் துணை உடன் இருப்பதையும் தர அளவுகோலாகவே வைத்திருக்கிறது. புகார் கொடுப்பதா வேண்டாமா என்பது உங்கள் விருப்பம். மருத்துவமனைக் கண்காணிப்பாளருக்கு எழுத்தில் கொடுக்கலாம். சிகிச்சைக்கும் புகாருக்கும் சம்பந்தம் இல்லை. புகார் கொடுக்காதவர்களுக்கும் காயம் காயம்தான். அந்த அறையில் கத்தினேனே, அசிங்கமாக நடந்துகொண்டேனே என்று வெட்கப்பட்டு அழுதவர்களைப் பார்த்திருக்கிறேன். வலியில் கத்தியதற்கு யாரும் வெட்கப்பட வேண்டியதில்லை.

குழந்தையைக் குளிப்பாட்டும்போது "தண்ணீரில் விட்டுவிடுவேனோ" என்று தோன்றுகிறது. கத்தியைப் பார்த்தாலே பயமாக இருக்கிறது. நான் கொலைகாரியா?

இல்லை. இந்தக் கேள்வியைப் பெரும்பாலும் கடைசி ஐந்து நிமிடத்தில், தலை குனிந்தபடி கேட்பார்கள். புதிதாகப் பெற்றவர்களில் மிகப் பலருக்கு இப்படிப்பட்ட எண்ணங்கள் வந்து போகின்றன. அந்த எண்ணம் உங்களைப் பதறவைக்கிறது, கத்தியை ஒளித்துவைக்கிறீர்கள், குளிப்பாட்டும் வேலையை அம்மாவிடம் தள்ளிவிடுகிறீர்கள். நீங்கள் அதை விரும்பவில்லை என்பதற்கு இதைவிட வேறு அத்தாட்சி வேண்டாம். வந்து போவதோடு நிற்காமல் இந்த அளவுக்கு வாட்டினால் இது பதற்ற நோய் வகையைச் சேர்ந்தது, சிகிச்சையில் நன்றாகக் குறையும்.

இதற்கு நேர் எதிரான நிலை ஒன்று உண்டு. அந்த எண்ணம் பயமாக இல்லாமல் சரியென்று தோன்றுவது, "குழந்தையை அனுப்பிவைத்துவிட்டால் அதற்கு நல்லது", "யாரோ செய்யச் சொல்கிறார்கள்" என்று நம்புவது. அது அடுத்த கேள்வியில் வருகிற நோய். அதில் ஒரு மணி நேரம்கூடத் தாமதிக்கக் கூடாது.

மருமகள் மூன்று ராத்திரியாகத் தூங்கவில்லை. திடீரென்று சிரிக்கிறாள், குழந்தையை மாற்றிவிட்டார்கள் என்கிறாள். பச்சை உடம்புக்காரி, காத்து கருப்பு அடித்திருக்குமோ?

அம்மா, உங்கள் பயம் புரிகிறது. ஆனால் இது நோய். ஆயிரம் பிரசவத்தில் ஒருவர் இருவருக்கு, பெரும்பாலும் முதல் இரண்டு வாரத்துக்குள் வரும். இதை மகப்பேற்று மனப்பித்து என்பார்கள். காலையில் தெளிவாகப் பேசி மாலையில் குழம்பிப்போவாள், அதனால் வீட்டில் இருப்பவர்களும் "சரியாயிடுச்சு" என்று ஏமாந்துபோவார்கள். தாய்க்கும் சேய்க்கும் உயிராபத்து இருப்பதால் இன்றைக்கே, இப்போதே மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும். திருநீறு போடுங்கள், தர்காவில் மந்திரித்த கயிறு கட்டுங்கள், நான் தடுக்கவில்லை. ஆனால் அதை மருத்துவமனைக்குப் போகிற வழியில் செய்யுங்கள். போய்ச் சேரும்வரை குழந்தையோடு அவளைத் தனியாக விடாதீர்கள்.

சரியான சிகிச்சை கிடைத்தால் பெரும்பாலானவர்கள் முழுதாகத் தேறிவிடுகிறார்கள். தேறி வந்து தன் பிள்ளைக்குத் தானே சோறூட்டி வளர்க்கிறார்கள்.

எங்கே போவது?

புதுச்சேரியில் கோரிமேட்டில் உள்ள ஜிப்மரிலும், ஊருக்குள் இந்திரா காந்தி அரசு பொது மருத்துவமனையிலும் மனநல மருத்துவத் துறை இருக்கிறது. எல்லைப்பிள்ளைச்சாவடி ராஜீவ் காந்தி அரசு மகளிர் மற்றும் குழந்தைகள் மருத்துவமனையில் பிரசவமானவர்கள், திரும்பக் காட்டப் போகும்போதே "மனசு சரியில்லை" என்று சொல்லி மேற்கொண்டு எங்கே அனுப்புவார்கள் என்று கேளுங்கள். கடலூர்க்காரர்களுக்கு மஞ்சக்குப்பத்தில் அரசு தலைமை மருத்துவமனை, சிதம்பரம் பக்கத்தவர்களுக்கு அண்ணாமலை நகரில் உள்ள அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. தமிழ்நாட்டில் மாவட்ட மனநலத் திட்டத்தின் குழு வட்ட மருத்துவமனைகளுக்கும் வருவதுண்டு. எந்த நாள் என்று உங்கள் ஊர் கிராம சுகாதார செவிலியரைக் கேட்டால் தெரியும். வெளிநோயாளிச் சீட்டு காலையிலேயே போட வேண்டும். கைக்குழந்தையோடு வரிசையில் நிற்க முடியாது, அதனால் சீட்டுப் போட ஒருவர், குழந்தையை வைத்துக்கொள்ள ஒருவர் என்று கூடவே ஆள் கூட்டிப் போங்கள்.

தனியாரிடம் போகிறீர்கள் என்றால் ஒன்றைக் கவனியுங்கள். "கவுன்சிலிங்" என்று பலகை மாட்டியிருப்பவர்கள் எல்லாம் பயிற்சி பெற்றவர்கள் இல்லை. மருத்துவ உளவியலாளர் என்றால் இந்திய மறுவாழ்வுக் கழகத்தில் பதிவு எண் இருக்க வேண்டும். கேட்பதில் தவறே இல்லை. முறையாகப் பதிவு செய்தவர் கேட்டதும் காட்டுவார்.

சிகிச்சை என்றால் நடந்ததையெல்லாம் திரும்பச் சொல்லச் சொல்வீர்களா? என்னால் முடியாது.

முதல் நாளே யாரும் கேட்க மாட்டார்கள். கேட்டால் நீங்கள் மறுக்கலாம். பிரசவமான கையோடு எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொல்லவைத்தால் மனம் லேசாகிவிடும் என்று ஒரு காலத்தில் நம்பினார்கள். அப்படி ஒரே ஒரு முறை கட்டாயமாகக் கொட்டவைப்பது பலன் தருவதில்லை என்று தெரிந்து அதைக் கைவிட்டுவிட்டார்கள்.

நான் எப்படிச் செய்வேன் என்று சொல்கிறேன். முதல் சில சந்திப்புகளில் தூக்கம், சாப்பாடு, வீட்டில் யார் துணை என்பதைப் பற்றித்தான் பேச்சு. அந்தக் காட்சி திடீரென்று வந்து அமுக்கும்போது இந்த அறைக்குத் திரும்பி வருவது எப்படி என்று பழகுவோம். பாதத்தைத் தரையில் அழுத்தி வைப்பது, கண்ணில் படுகிற ஐந்து பொருளை வாய்விட்டுச் சொல்வது, மூச்சை உள்ளிழுப்பதைவிட மெதுவாக வெளியே விடுவது. குழந்தை மடியில் இருந்தால் அதன் எடையைக் கவனிப்பது. இது கைவந்த பிறகுதான் நடந்ததைத் தொடுவோம். அதையும் நீங்கள் பத்திரமாக இருந்த ஒரு நேரத்தில் ஆரம்பித்து, பத்திரமாக இருந்த ஒரு நேரத்தில் முடிப்போம்: வலி எடுக்கும் முன்னே காலையில் டீ குடித்ததிலிருந்து, குழந்தையை முதல்முறை மார்பில் வைத்தது வரை. நடுவில் எப்போது வேண்டுமானாலும் கையைக் காட்டி நிறுத்தலாம். கரைக்கு இழுத்துக் கட்டாத படகு ஒவ்வொரு அலைக்கும் ஆடுவதுபோல, "முடிந்துபோனது" என்று மூளை பதிந்துகொள்ளாத நினைவு ஒவ்வொரு வெளிச்சத்துக்கும் வாசனைக்கும் ஆடுகிறது. பல முறை, பத்திரமான இடத்தில், சொல்லச் சொல்ல அது கடந்துபோன ஒன்றாக மாறும். மறந்துபோகாது, ஆனால் நினைக்கும்போது உடம்பு நடுங்காது.

இதைக் காயத்தை மையமாக வைத்த அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை என்பார்கள். பொதுவாக 8 முதல் 12 அமர்வுகள் ஆகும். ஈ.எம்.டி.ஆர். என்று இன்னொரு முறையும் உண்டு. நினைவை மனதில் வைத்துக்கொண்டு, ஆலோசகரின் விரல் போகும் திசையில் கண்ணை இடமும் வலமும் ஓட்டுவது. பார்க்க விநோதமாக இருக்கும், ஆனால் பி.டி.எஸ்.டி.க்கு இந்த இரண்டையுமே உலக சுகாதார நிறுவனம் 2013-இல் பரிந்துரைத்தது. ஈ.எம்.டி.ஆர். பயிற்சி பெற்றவர்கள் எல்லா மருத்துவமனையிலும் இருக்க மாட்டார்கள். முதலில் சொன்ன பேச்சுவழிச் சிகிச்சையிலேயே நல்ல பலன் கிடைக்கும், அதனால் ஈ.எம்.டி.ஆரைத் தேடி அலைய வேண்டாம்.

ட்யூப்லைட் வேண்டாம் என்ற பெண், அமர்வுகளின் கடைசிப் பகுதியில் தானே எழுந்து போய் சுவிட்சைப் போட்டாள். அணைத்தாள், போட்டாள், அணைத்தாள். அம்மா சமையலறையிலிருந்து "யாரது, லைட்ட போட்டுப் போட்டு அணைக்கிறது?" என்று சத்தம் போட்டாராம்.

மருந்து எடுத்தால் தாய்ப்பால் கொடுக்கலாமா?

பெரும்பாலும் கொடுக்கலாம். செர்ட்ரலின் போன்ற மனச்சோர்வு மருந்துகள் பாலில் மிகக் குறைவாகவே கலக்கின்றன. பால் கொடுப்பவர்களுக்கு மருத்துவர்கள் முதலில் தேர்ந்தெடுப்பது அநேகமாக அதைத்தான். மனநிலையைச் சீராக்கக் கொடுக்கும் லித்தியம் என்றால் நெருக்கமான கண்காணிப்பு வேண்டும். அதே வகையைச் சேர்ந்த வால்ப்ரோயேட் மருந்தை இனியும் குழந்தை பெறக்கூடிய வயதில் இருக்கும் பெண்களுக்குத் தவிர்க்கவே பார்ப்பார்கள், கருவுக்குக் கெடுதல் என்பதால். அதனால் "பால் கொடுக்கிறேன்" என்பதை மருத்துவரிடம் நீங்களே முதலில் சொல்லிவிடுங்கள். மருந்து வேலை செய்ய இரண்டு முதல் நான்கு வாரம் ஆகும். பத்து நாளில் ஒன்றும் தெரியவில்லை என்று நிறுத்தாதீர்கள். நன்றாகிவிட்டது என்று நீங்களாக நிறுத்துவதும் கூடாது, தேறிய பிறகும் ஆறு மாதமாவது தொடர வேண்டியிருக்கும்.

பால் சுரக்கவில்லை, அல்லது நோயின் பாரத்தில் கொடுக்க முடியவில்லை என்றால் அதற்காகக் குற்றவுணர்வு வேண்டாம். குழந்தைக்குப் பாலும் வேண்டும், அம்மாவும் வேண்டும்.

நான் அப்பா. ரத்தப்போக்கு நிற்கவில்லை, ரத்தம் ஏற்பாடு பண்ணுங்கள் என்று துண்டுச்சீட்டு கொடுத்தார்கள். ராத்திரி அந்தச் சீட்டோடு ஓடியது இன்னும் கனவில் வருகிறது. இதை யாரிடம் சொல்வது, பெற்றது அவள்தானே?

என்னிடம் சொல்லலாம், 14416-இல் சொல்லலாம், மருத்துவரிடம் சொல்லலாம். அன்றைக்கு நீங்கள் மனைவியையும் குழந்தையையும் இழக்கப்போகிறோம் என்று நினைத்தீர்கள். கையெழுத்துப் போடச் சொன்ன இடத்தில் படித்துப் பார்க்காமல் போட்டீர்கள். தெரிந்தவர் தெரியாதவர் எல்லாருக்கும் போன் போட்டு "பி நெகட்டிவ் இருக்கா" என்று கேட்டீர்கள். உள்ளே என்ன நடக்கிறது என்று யாரும் வந்து சொல்லவில்லை. இதுவும் மனக்காயம்தான், சிகிச்சையும் அதேதான்.

அப்பாக்களில் ஏறக்குறைய பத்தில் ஒருவருக்கு மனச்சோர்வு வருகிறது, குறிப்பாகக் குழந்தைக்கு மூன்று முதல் ஆறு மாதம் ஆகும்போது. ஆண்கள் அழுவதில்லை. குடி கூடும், வேலையே கதி என்று கிடப்பார்கள், தாய் வீட்டில் இருக்கும் மனைவியைப் பார்க்கப் போவது குறையும். "பொறுப்பில்லாதவன்" என்று ஊர் பேசும் சிலரை உட்காரவைத்துக் கேட்டால் பயந்துபோயிருப்பது தெரியும். மத்திய அரசு ஊழியர்களுக்கு 15 நாள் தந்தைமை விடுப்பு உண்டு. தனியார் நிறுவனங்களுக்குச் சட்டப்படி கட்டாயம் இல்லை. இருக்கிறவர்கள் தயவுசெய்து எடுங்கள்.

குழந்தை பல நாள் தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்தது. வீட்டுக்கு வந்தும் என் குழந்தை மாதிரியே தோன்றவில்லை.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்த குழந்தையிடம் மனம் ஒட்டாமல் இருந்தது, இழந்துவிடுவோமோ என்ற பயத்தில் மனம் தன்னைக் காத்துக்கொண்டதுதான். பாசம் கொஞ்சம் தாமதமாக வரும். மருத்துவமனையில் கங்காரு முறையில் நெஞ்சோடு சேர்த்து வைக்கச் சொல்லியிருப்பார்கள், அதை வீட்டிலும் தொடருங்கள், அப்பாவும் வைத்துக்கொள்ளலாம். இரண்டு மூன்று மாதத்தில் மாற்றமே இல்லை என்றால் வந்து பேசுங்கள்.

குழந்தை இறந்தே பிறந்தது. எல்லாரும் "மறந்துடு, அடுத்தது பொறக்கும்" என்கிறார்கள்.

மறக்க வேண்டியதில்லை. ஒரு குழந்தையின் இடத்தை இன்னொரு குழந்தை நிரப்பாது. பெயர் வைத்திருந்தால் அந்தப் பெயரைச் சொல்லிப் பேசுங்கள். முகத்தைக் காட்டாமல் எடுத்துப்போய்விட்டார்கள் என்ற ஆற்றாமை பலருக்கு வருடக்கணக்கில் இருக்கிறது. அதற்கும் அழ இடம் வேண்டும். பால் கட்டிக்கொண்டு வலிக்கும், அதை எப்படி வற்றவைப்பது என்று மருத்துவமனையிலேயே கேட்டுவிடுங்கள். வீட்டில் இருப்பவர்கள் குழந்தைத் துணிமணிகளை அவளைக் கேட்காமல் அப்புறப்படுத்தாதீர்கள்.

சுனாமி வந்தபோது நான் சின்னப் பிள்ளை. இத்தனை வருஷம் ஒன்றும் இல்லை. இப்போது குழந்தை பிறந்ததும் கடல் சத்தம் கேட்டாலே நடுங்குகிறது. சம்பந்தம் இருக்குமா?

இருக்கும். 2004 டிசம்பர் 26 அன்று தேவனாம்பட்டினத்திலும் மற்ற கரையோர ஊர்களிலும் ஐந்து, ஆறு, ஏழு வயதில் இருந்த பெண் பிள்ளைகள் இப்போது தாய்மார்கள். 2011 டிசம்பரில் தானே புயலைப் பார்த்தவர்கள், 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் மழையில் வீட்டுக்குள் தண்ணீர் புகுந்தபோது நிறைமாதமாக இருந்தவர்கள், இவர்களுக்கும் அப்படித்தான். பழைய காயம் ஆறிவிட்டது போலத் தெரிந்தாலும், கையில் ஒரு உயிரை வைத்திருக்கும்போது திரும்பத் தலைதூக்கும். அன்றைக்குத் தன் அம்மா தன்னை எப்படிக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடினாள் என்பது, தானே அம்மாவான பிறகுதான் முழுதாக உறைக்கிறது. சின்ன வயதில் பாலியல் தொல்லைக்கு ஆளானவர்களுக்கும் பிரசவ அறைப் பரிசோதனைகள் அந்த நினைவைக் கிளறிவிடலாம். முழுக் கதையும் சொல்ல வேண்டாம், "என்னைத் தொடும் முன் சொல்லிவிட்டுத் தொடுங்கள்" என்று கேட்டாலே போதும்.

கடலோரத்தில்தான் வீடு, கடலை விட்டு எங்கே போவது? அதனால் விலகிப்போகச் சொல்ல மாட்டேன். கூடவே ஒருவர் இருக்க, பகல் வெளிச்சத்தில், கொஞ்சம் கொஞ்சமாகத்தான் அந்தச் சத்தத்தைப் பழக்குவோம்.

வீட்டில் இருக்கும் நாங்கள் என்ன செய்வது?

தூங்க விடுங்கள். ஒரு நாளைக்கு ஒரு முறையாவது நான்கு மணி நேரம் தொடர்ந்து தூங்கும்படி குழந்தையை வேறொருவர் வாங்கிக்கொண்டால், பாதி வைத்தியம் அது. பத்தியம் என்று தண்ணீரையும் சாப்பாட்டையும் குறைக்காதீர்கள். பார்க்க வருகிறவர்கள் ஆளுக்கொரு யோசனை சொல்வார்கள். அவர்களை வாசலோடு பேசி அனுப்புவது, பிள்ளை பெற்றவளுடைய அம்மாவின் வேலையாக இருக்கட்டும்.

"பொட்டப் புள்ளையா" என்ற அந்த ஒரு பேச்சு வேண்டாம். ஆண் குழந்தைதான் வேண்டும் என்ற நெருக்கடியும் கணவனின் அடி உதையும் தாயின் மனச்சோர்வைக் கூட்டுகின்றன என்று கோவாவில் நடந்து 2002-இல் வெளிவந்த ஆய்வு காட்டியது. எனக்கு ஆய்வு தேவைப்படவில்லை, எதிரே உட்கார்ந்திருக்கும் முகங்களே போதும். வீட்டில் வன்முறை இருந்தால் பெண்களுக்கான உதவி எண் 181-ஐக் கூப்பிடுங்கள்.

பெரிய படிப்புப் படித்தவர்கள்தான் உதவ முடியும் என்றும் நினைக்காதீர்கள். பாகிஸ்தானில் ராவல்பிண்டிப் பக்கத்துக் கிராமங்களில், சாதாரண சுகாதாரப் பணியாளர்களுக்குப் பயிற்சி கொடுத்து, மனச்சோர்வில் இருந்த தாய்மார்களை வீட்டிலேயே சந்தித்துப் பேசவைத்தார்கள். 2008-இல் வந்த முடிவு: ஆறு மாதம் கழித்து அவர்களில் 23 சதவீதம் பேருக்குத்தான் மனச்சோர்வு இருந்தது, அந்தச் சந்திப்புப் பேச்சு கிடைக்காதவர்களில் 53 சதவீதம். நம் அங்கன்வாடிப் பணியாளர்களும் செவிலியர்களும் அதைச் செய்யக்கூடியவர்கள்தான் என்று உறுதியாக நம்புகிறேன்.

மனநல மருத்துவரிடம் போனால் ஊருக்குத் தெரிந்துவிடாதா? குழந்தையைப் பிரித்துவிடுவார்களா?

2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டப்படி உங்கள் சிகிச்சை விவரம் ரகசியம். உள்நோயாளியாகச் சேர்ந்தாலும், மூன்று வயதுக்குட்பட்ட குழந்தையைச் சாதாரணமாகத் தாயிடமிருந்து பிரிக்கக் கூடாது. தாயால் குழந்தைக்கு ஆபத்து என்று மருத்துவர் கருதினால் மட்டும் தற்காலிகமாகப் பிரிக்கலாம், அதையும் அவ்வப்போது மறுபரிசீலனை செய்தாக வேண்டும். மருத்துவக் காப்பீட்டில் உடல் நோய்க்குச் சமமாக மனநோயையும் சேர்க்க வேண்டும் என்பதும் அதே சட்டம்தான். தாயையும் சேயையும் ஒன்றாகவே வைத்துச் சிகிச்சை தருவதற்கென்று பெங்களூருவில் உள்ள தேசிய மனநல மருத்துவ நிறுவனமான நிம்ஹான்ஸில் தனிப் பிரிவே இருக்கிறது.

அடுத்த குழந்தை வேண்டும் என்கிறார் கணவர். எனக்கு நினைத்தாலே உதறுகிறது.

முதலில் உங்கள் பழைய டிஸ்சார்ஜ் தாளை எடுத்துக்கொண்டு ஒரு மகப்பேறு மருத்துவரிடம் போய், அன்றைக்கு ஏன் அப்படி நடந்தது என்று கேளுங்கள். கர்ப்பமாவதற்கு முன்பே கேளுங்கள். "என்ன நடந்ததுன்னே தெரியாம இருந்ததுதான் பெரிய பயம்" என்று பலர் சொல்லியிருக்கிறார்கள். முன்பு மனப்பித்தோ கடும் மனச்சோர்வோ வந்திருந்தால் திரும்ப வரும் வாய்ப்பு அதிகம். அதனால் மனநல மருத்துவரும் மகப்பேறு மருத்துவரும் சேர்ந்து கர்ப்ப காலத்திலேயே திட்டம் போட வேண்டும். மருந்து எடுத்துக்கொண்டிருந்தால் கர்ப்பம் தெரிந்த அன்றைக்கு நீங்களே நிறுத்திவிடாமல் அவர்களைக் கேட்டுச் செய்யுங்கள்.

ஒரு தாளில் நான்கைந்து வரி எழுதிப் பிரசவ அட்டையோடு பின் அடித்துக்கொள்ளுங்கள்: போன முறை என்ன ஆனது, எதற்குப் பயம், உடன் யார் இருக்க வேண்டும், செய்வதற்கு முன் எதைச் சொல்லிவிட்டுச் செய்ய வேண்டும். பிரசவ அறையில் அன்று பணியில் இருக்கும் செவிலியர் உங்களை முன்பின் பார்த்திருக்க மாட்டார். வலி வந்த பிறகு இதையெல்லாம் சொல்ல உங்களால் முடியாது, அந்தத் தாளை உடன் வரும் அக்காவோ அம்மாவோ நீட்டினால் போதும். அப்புறம், கணவரிடம் சொல்லுங்கள்: எப்போது என்று முடிவு செய்ய வேண்டியது பிள்ளையை உடம்பில் சுமக்கப்போகும் நீங்கள்தான், இன்னொன்று வேண்டாம் என்று முடிவெடுத்தாலும் அது சரியான முடிவாக இருக்கலாம்.